வலிக்கிற இடத்துக்குப் பேர்

2025 ஜூலையில் ஒரு புதன்கிழமை. வழக்கமான மழை, வழக்கமான ரயில் தாமதம். குர்லாவில் வண்டி மாறி, செம்பூரில் இறங்கி, பாதி நனைந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி ஏழே முக்கால். ஐந்து வயது மகன் கட்டிலில் குப்புறப் படுத்து, தலையணையில் முகம் புதைத்து விசும்பிக்கொண்டிருந்தான். பக்கத்தில் தரையில் என் மாமியார். அவர் மடியில் ஒரு கிரிக்கெட் மட்டை.

"சாயங்காலத்துலேருந்து அழுதான். என்னமோ பேட்டு, பேட்டுங்கான். வெளையாடக் கேக்கான்னு நெனச்சு இத எடுத்துக் குடுத்தேன். தூக்கி எறிஞ்சிட்டான்" என்றார். எனக்குப் போன் செய்திருக்கிறார். ரயில் நெரிசலில் கைப்பைக்குள் அது அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

நான் அவன் முதுகைத் தடவினேன். "பேட் துக் ரஹா ஹை, மம்மி" என்றான். ஹிந்தியில் 'பேட்' என்றால் வயிறு. வயிறு வலிக்கிறது என்று இரண்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். பாட்டியோ முதலில் பிளாஸ்டிக் மட்டையையும், அது வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியிலிருந்து மர மட்டையையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

பெரிய வலி இல்லை. வாயுதான். ஓமத் தண்ணீர் கொடுத்ததும் அரை மணியில் தூங்கிவிட்டான். ஓவியம் கற்கப் போயிருந்த ஒன்பது வயது மகள் வந்தாள், கதை கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கணவருக்கும் சிரிப்பு. எனக்கும் வந்தது, அத்தையின் முகத்தைப் பார்க்கும் வரை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. பாத்திரம் கழுவும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பேரனுக்கு வலிக்க எடம் தெரியாத ஆச்சிக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

அவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எங்களோடு இரண்டு மாதம் இருக்க வந்தவர். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். கோபமே இல்லாமல் சொன்னதுதான் தூங்கவிடவில்லை.

எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்று யோசித்தேன். யாரும் திட்டம் போட்டுத் தமிழை விடவில்லை. ஒன்றரை வயதில் குழந்தைகள் காப்பகத்தில் விட்டோம். அங்கே ஹிந்தி. பள்ளியில் ஆங்கிலம். கீழே விளையாடப் போனால் மறுபடி ஹிந்தி. அக்காவும் தம்பியும் சண்டை போடுவதுகூட ஹிந்தியில்தான். நான் தமிழில் கேட்பேன், அவன் ஹிந்தியில் பதில் சொல்வான். புரிகிறதே, போதும் என்று அடுத்த வேலையைப் பார்ப்பேன். காலை ஆறரை மணிக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டு, ஷூவின் ஒற்றைக் காலைத் தேடிக்கொண்டிருக்கும்போது எந்தத் தாயும் மொழிப் பாடம் நடத்துவதில்லை.

அந்த வருஷம் மகாராஷ்டிரத்தில் மொழிதான் பேச்சு. எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம் என்பது 2020லேயே சட்டமாகிவிட்டது. 2025 ஏப்ரலில், ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஹிந்தி மூன்றாவது மொழி என்று மாநில அரசு ஆணை போட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பி ஜூன் கடைசியில் அது வாபஸ் ஆனது. டிவியில் தினமும் விவாதம். நாங்களும் சோபாவில் உட்கார்ந்து அபிப்பிராயம் சொன்னோம். ஹிந்தி ஆசிரியரே இல்லாமல் ஹிந்தி கற்றுக்கொண்டுவிட்ட பிள்ளை அதே சோபாவில் படுத்திருந்தான்.

என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். 1968ல் இருபது வயதில் பம்பாய்க்கு வந்தவர். அவர் வந்து இறங்கிய மாட்டுங்காவில் தென்னிந்தியனுக்கு வேண்டியதெல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932லிருந்தே இருந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே 1942ல் தொடங்கிய ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கில் சாப்பாடு. கோயில், பூக்கடை, காப்பிப்பொடி எல்லாம் நடந்து போகும் தூரத்தில். ஆனால் ஊருக்குள் வேறு காற்று வீசியது. தென்னிந்தியர்கள் வேலைகளைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற கோஷம் உச்சத்தில் இருந்த நேரம் அது. அதனால் ரயிலில் தமிழில் பேசுவதானால் குரலைத் தாழ்த்திக்கொள்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

கோஷம் ஓய்ந்து பல வருஷம் ஆன பிறகும் பழக்கம் போகவில்லை. தொண்ணூறுகளில் நாங்கள் ரயிலில் சத்தம் போட்டால் அப்பா தொடையைத் தட்டி "மெல்ல, மெல்ல" என்பார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் அதே மனிதர் தினத்தாளை உரக்கப் படிக்கச் சொல்வார். பயந்துகொண்டு பேசிய காலத்தில் எங்கள் வாயில் தமிழ் இருந்தது. என் பிள்ளைகளிடம் மெல்லப் பேசு என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் பேசுவதே இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மகாராஷ்டிரத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அந்தக் கணக்கில் நானும் உண்டு. அடுத்த கணக்கெடுப்பில் மகனுக்கும் சேர்த்துத் தமிழ் என்றுதான் எழுதிக்கொடுப்பேன். கணக்கெடுக்க வருபவர், வயிற்றுக்குத் தமிழில் என்ன என்று அவனைக் கேட்கப் போவதில்லை.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அலுவலகத் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் தாராவிக்காரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆட்கள் வந்து குடியேறிய இடம் அது. அவளுடைய ஏழு வயது மகள் என் கணவரைவிட நல்ல நெல்லைத் தமிழ் பேசுவாள். மராத்தியிலும் வெளுத்துக்கட்டுவாள். ரகசியம் என்ன என்று கேட்டேன்.

"ரகசியம் என்ன ரகசியம்? தமிழ் தெரியாட்டி எங்க சந்துல அவளுக்கு ஒரு காரியம் நடக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் தமிழ்தான் தெரியும், முறுக்கு அவங்ககிட்டதான் இருக்கு" என்றாள். பிறகு சற்று யோசித்துவிட்டு, "உங்க வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் புரியுது. அப்புறம் அவன் ஏன் கஷ்டப்படணும்?" என்றாள்.

அந்தக் கேள்வியைத்தான் ரயிலில் வீடு வரை தூக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டில் ஹிந்தி புரியாத ஒரே ஆள் ஆச்சி. அவரைத்தான் நான் ஊருக்கு டிக்கெட் எடுத்துத் தரும் மனநிலைக்குத் தள்ளியிருந்தேன்.

ஆனால் அத்தை எனக்கு முன்பே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நான் போனபோது கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆச்சி மாணவி, பேரன் வாத்தியார். அவனுடைய மொழியைத் தானே படித்துவிடுவது என்று தீர்மானித்துவிட்டார், எழுபத்திரண்டு வயதில்.

அவன் மூக்கைத் தொட்டு "நாக்" என்றான். ஆச்சி நாக்கை நீட்டி, "நாக்கு இதுல்லாலே?" என்றார். அவன் தலையில் அடித்துக்கொண்டு, கன்னத்தைத் தொட்டுக் "கால்" என்றான். ஆச்சி காலை நீட்டினார். அடுத்து அவன் தன் காலைத் தட்டிப் "பேர்" என்றான். "எம் பேரு ஒனக்குத் தெரியாதாலே?" என்று ஆச்சி தன் பேரைச் சொன்னார். பிள்ளை தரையில் உருண்டு சிரித்தான். அவன் எப்போது மூக்கு, கன்னம், கால் என்று சொல்ல ஆரம்பித்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. மாணவியைத் திருத்த வேண்டுமானால் அவள் சொல்வது என்ன என்று வாத்தியாருக்குத் தெரிந்தாக வேண்டுமே.

நானும் கணவரும் ஒரே ஒரு காரியம் செய்தோம். ஆச்சிக்கும் பேரனுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பதை நிறுத்தினோம். மகளையும் நிறுத்தச் சொன்னோம். சுலபமாக இல்லை. தண்ணீர் கேட்டு அவன் கத்தும்போது, ஆச்சி விழிக்கும்போது, சமையலறையில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒருநாள் அவனே ஆச்சியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் குடத்தைக் காட்டினான். இன்னொரு நாள் "தண்ணி" வந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிறு, வெற்றிலையும் பூவும் வாங்க எல்லாரும் மாட்டுங்கா போனோம். குர்லாவில் மாறி ஏறிய வண்டியில் நல்ல கூட்டம். சயான் தாண்டும்போது மகன் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்: "ஆச்சி, ஒன் நாக்கு எங்க?" ஆச்சி தயங்காமல் மூக்கைத் தொட்டார். வேண்டுமென்றேதான்.

அப்பாவின் "மெல்ல" என் தொண்டை வரை வந்துவிட்டது. கைகூடத் தட்டுவதற்கு எழுந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த மராத்திக்கார அம்மாள் என்ன விளையாட்டு என்று கேட்டார். மகள் தன் பள்ளிக்கூட மராத்தியில் விளக்கினாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தன் மூக்கைத் தொட்டு, எங்களுக்கும் 'நாக்' இதுதான் என்றார். "இல்ல, அது மூக்கு!" என்று மகன் அவருக்கும் சேர்த்து இன்னும் உரக்கக் கத்தினான். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

மாத இறுதியில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஆச்சி ஊருக்குப் போனார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அக்காவும் தம்பியும் இன்னும் ஹிந்தியில்தான் சண்டை போடுகிறார்கள். என்னிடம் அவன் பாதிக்குப் பாதி பழைய மாதிரிதான்.

அக்டோபரில் அவனுக்குச் சளி, லேசான காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை ஆச்சி போன் செய்யும் நேரம். போனைப் பிடுங்கி, என்னிடம்கூடச் சொல்லாத சமாசாரத்தை அவரிடம் சொன்னான்: "ஆச்சி, தல வலிக்கி."

'வலிக்கிறது' இல்லை, 'வலிக்கி'. அசல் நெல்லை. மறுமுனையில் ஒரு நொடி சத்தமே இல்லை. பிறகு, "போன ஒங்கம்மைட்ட குடுலே. சுக்கு இருக்கான்னு கேக்கணும்" என்றார்.

வீட்டில் சுக்கு இல்லை. மறுநாள் மாட்டுங்காவில் இறங்கி வாங்கி வந்தேன்.