பசுந்தேயிலை என்ற சொல்லின் விலை

சென்னையின் இலக்கியக் கூட்டங்களில் அண்மைக்காலமாக ஒரு கேலி புழங்கி வருகிறது. இடைவேளையில் எவரேனும் பால் கலந்த தேநீரை வேண்டாமென்று மறுத்துவிட்டால் போதும், 'அவருக்கு ஜப்பானிலிருந்து இலை வரவேண்டும்' என்று ஒரு குரல் எழும். சுற்றியிருப்போர் சிரிப்பர். சிரிப்பவர்களில் கவிஞர் உண்டு, மொழிபெயர்ப்பாளர் உண்டு, உழைப்பாளிகளின் பெயரால் பேசும் விமர்சகரும் உண்டு. இந்தச் சிரிப்பை நாம் ஏற்கவில்லை. சிரிப்புக்கு ஆளாகிறவரையும் அப்படியே விட்டுவிடப் போவதில்லை. இரு தரப்போடும் நமக்கு வழக்கு இருக்கிறது.

நம் துறையில் ஓர் இளம் விரிவுரையாளர். அடையாற்றில் குடியிருப்பவர், பித்தளை வடிகட்டியில் இறங்கும் டிகாக்‌ஷனில் வளர்ந்தவர். ஒசாகாவிலிருந்து திரும்பிய உறவினர் கொடுத்த 'சென்சா' பொட்டலம் ஒன்றைப் பிரித்து, நம் வீடுகளில் செய்வது போலவே தளதளவென்று கொதிக்கும் நீரில் இலையைப் போட்டு மூடிவைத்தாராம். கஷாயமாகக் கசந்தது. வேறொருவர் என்றால் அதோடு விட்டிருப்பார். இவருக்கு ஆசிரியப் பிடிவாதம். ஏன் கசந்தது என்று தேடப் புகுந்தார். கசப்பையும் துவர்ப்பையும் தரும் பொருள்கள் மிகுந்த சூட்டில் வேகமாக இறங்குகின்றன. இனிமை கலந்த சுவையைத் தரும் தியனைனோ மிதமான சூட்டிலேயே இறங்கிவிடுகிறது. ஆகவே எழுபது, எண்பது பாகைக்கு ஆறிய நீர், ஒரு நிமிடம், பிறகு முழுவதுமாக வடித்துவிட வேண்டும். அதே இலையில் இரண்டாம் முறை ஊற்றினால் சில நொடிகளே போதும்.

அங்கிருந்து ஆர்வம் கிளை விட்டது. பொரித்த அரிசி கலந்த கென்மைச்சா, வறுத்த இலையான ஹோஜிச்சா, பறிப்பதற்கு முன் மூன்று வாரம்போலச் செடியை நிழலில் மூடிவைத்து ஆக்கும் கியோகுரோ என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழகினார். பக்கவாட்டில் கைப்பிடி வைத்த சிறு மண்கூசா ஒன்றும் வந்து சேர்ந்தது. ஆசிரியர் அறையில் ஒரு நாள் நமக்கும் ஒரு கிண்ணம் தந்தார். 'என்ன சார், புல் வாசனை அடிக்கிறதே' என்றார் அருகிலிருந்த மூத்தவர். 'அதுதான் சார் இலையின் வாசனை, இத்தனை நாள் நாம் அதை முகர்ந்ததில்லை' என்று பதில் வந்தது. இந்தப் பதிலை நாம் மறக்கவில்லை.

கேலி செய்வோரின் முதல் வாதம், இது அந்நிய மோகம் என்பது. மயிலாப்பூரில் அமர்ந்து, கையில் டபரா டம்ளரை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல மிகுந்த மறதி வேண்டும். காப்பியும் இங்கே அந்நியமாக வந்ததே. அது குடிகெடுக்கும் என்று கண்டித்தவர்கள் இருந்தார்கள், ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' 2000இல் வெளிவந்தபோது அந்த வரலாற்றை நம்மில் பலரும் ரசித்துப் படித்தோம். பழையதை ஒதுக்கி வந்த அந்தப் பானம், நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகி, இன்று நம் மரபு என்ற பெயரில் கச்சேரி சபாக்களின் சிற்றுண்டிச் சாலைகளில் வீற்றிருக்கிறது. ஒரு தலைமுறையின் மோகம் அடுத்த தலைமுறையின் மரபாவதை ஆராய்ச்சிப் பொருளாக ஏற்கிறவர்கள், தம் கண்முன் அது நிகழும்போது மட்டும் நக்கலடிப்பது ஏன்?

இரண்டாவது வாதம், இது மேட்டிமைச் சடங்கு என்பது. இங்கே அறியாமை கூடுதல். மேட்டிமையோடும் போர்த்தலைவர்களோடும் வளர்ந்த தேநீர்ச் சடங்கு, 1591இல் ஹிதேயோஷியின் ஆணையால் உயிரை மாய்த்துக்கொண்ட சென் நோ ரிக்யூவின் மரபு. அதில் அருந்துவது மாவாக அரைத்த மச்சா. இலையாக ஊறவைத்துக் குடிக்கும் சென்சாவின் வரலாறு வேறு. அதைக் கியோத்தோ நகரில் பரப்பியவர் பைசாவோ என்ற பெயரால் அறியப்பட்ட முதியவர். பெயரின் பொருளே 'தேநீர் விற்கும் கிழவர்'. ஜென் துறவியாக இருந்தவர், காவடித் தண்டில் அடுப்பையும் கூசாவையும் தொங்கவிட்டுத் தெருவோரத்திலும் கோயில் சோலைகளிலும் கடை விரித்தார்; விருப்பப்பட்டதை மூங்கில் குழாயில் போடலாம், போடாமலும் போகலாம். 1763இல் இறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, தம் கருவிகள் பின்னாளில் பூசைப்பொருளாகிவிடக் கூடாதென்று பலவற்றையும் எரித்துவிட்டார். உஜிப் பகுதியின் நாகதானி சோயென், இலையை ஆவியில் அவித்துக் கையால் உருட்டி உலர்த்தும் முறையை 1738இல் செப்பம் செய்ததும் இவர் காலத்தில்தான். சடங்கை எதிர்த்துப் பிறந்த பானத்தைச் சடங்கென்று சொல்லி எதிர்க்கும் நம் நண்பர்கள், தெருமுனை நாயர் கடைக்கு இவரைவிட நெருங்கிய உறவினர் எவரையும் ஜப்பானில் காணமாட்டார்கள்.

பழக்கத்திலும் அது நமக்கு அவ்வளவு தொலைவில்லை. ஜப்பானிய வீடுகளில் வெந்நீரை ஆறவைப்பதற்கென்றே யுசமாஷி என்று ஒரு பாத்திரம் உண்டு. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஏறத்தாழப் பத்துப் பாகை இறங்கும் என்பது அங்குள்ள கைக்கணக்கு. 'ஆற்றுதல்' என்ற வினைக்கு இவ்வளவு தேர்ச்சி பெற்ற கைகள் உலகில் வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. வெப்பமானி வாங்கவேண்டும் என்று நம் துறை நண்பரிடம் யாரோ சொன்னார்களாம்; டபரா போதும். தண்ணீர்தான் சிக்கல். ஜப்பானின் மென்னீருக்குப் பழகிய இலை நம் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரில் வாய் திறப்பதில்லை.

மொழியையும் கவனிக்க வேண்டும். சீனத்தின் ஃபூஜியன் கரையோரப் பேச்சிலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் உலகைச் சுற்றிய 'தே', தமிழில் 'தேயிலை' ஆயிற்று. இலை என்பதைச் சொல்லுக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் நாம். குடிப்பதோ தூள். 1930களில் அசாமில் பிறந்த சி.டி.சி. இயந்திரம் இலையை வெட்டி, கிழித்து, சுருட்டிக் குருணையாக்குகிறது. அதிலும் மிகச் சிறிய துகளான டஸ்ட்தான் தென்னிந்தியாவுக்குப் பிடித்தது. விரைவில் நிறம் இறங்கும், பாலுக்கு ஈடுகொடுக்கும், கிலோவுக்குக் கோப்பைகள் அதிகம். ஏழைத் தொழிலாளியின் கணக்கு அது. அதில் பழிக்க ஒன்றுமில்லை. ஆனால் மயிலாப்பூரின் நடுத்தர வீடு காப்பிக்கு வேறு கணக்குப் போடுகிறது. பீபரி எத்தனை பங்கு, பிளாண்டேஷன் ஏ எத்தனை, சிக்கரி எத்தனை விழுக்காடு, வறுவல் எந்தப் பதம் என்று நின்று விசாரிக்கிறது. தேயிலைக்கு அந்த வீடு இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கூசாவில் விரிந்து கிடக்கும் முழு இலையை நம் நண்பர் முதன்முதலாகப் பார்த்தார் என்பதே, நம் கணக்கில், இந்த ஆர்வத்தின் பெரும்பயன்.

இனி அவரோடும் அவரைப் போன்றவரோடும் உள்ள வழக்கு.

லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடைபயின்று திரும்புவோரிடம் கேட்டால் கிரீன் டீ கொழுப்பைக் கரைக்கும் மருந்து. இதை விளம்பரக்காரர் மட்டும் சொல்லவில்லை. 1211இல் எய்சாய் என்ற துறவியும் தேநீரை உடல்நல மருந்தாகவே எழுதி அறிமுகம் செய்தார். (உணவோடு சேர்த்துக் குடித்தால் அது சைவ உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். நம் வீட்டுப் பெண்களுக்கு இதையும் யாராவது சொன்னால் நல்லது.) பாண்டி பஜார் அங்காடிகளில் பைகளில் அடைத்து விற்கும் பச்சைத் தூசியோடு நமக்குப் பேச்சில்லை. அதைத் தாண்டி இலைக்கு வந்தவர்களோ மருந்தை விட்டு ஜென்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். மௌனம், எளிமை, ஒரு கிண்ணத்தில் பிரபஞ்சம். ஹைகூவுக்கு நேர்ந்த கதி நினைவுக்கு வருகிறது. பாரதி 1916இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை அறிமுகம் செய்தபோது அவரை ஈர்த்தது சொற்சுருக்கத்தின் கட்டுப்பாடு. நாம் அதை மூன்று வரித் திடுக்கிடலாக்கிக் கல்லூரி ஆண்டுமலர்களை நிரப்பினோம். பருவச்சொல்லும் உழவும் நிலமும் உதிர்ந்துபோயின. தேநீரிலும் அதுவே நடக்கிறது.

ஒகாகுரா 1901, 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகி ஆசியாவின் ஒருமையைப் பேசியவர். 1906இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய 'தேநீர் நூல்' இன்றும் இந்த ஆர்வலர்களின் கைநூல். அதன் ஏழு அத்தியாயங்களில் தாவோ உண்டு, மலர்கள் உண்டு, தேநீர் அறையின் கட்டடக்கலை உண்டு. பறிக்கும் கைகளுக்கு ஓர் அத்தியாயம் இல்லை. அவர் அதை எழுதிய காலத்தில் இலங்கை மலையகத்திலும் ஆனைமலையிலும் கங்காணிகள் கொண்டுசேர்த்த தமிழர்கள் அட்டைக்கடியில் இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியனுக்கு அது தெரியாமல் போகலாம். தமிழ் படித்தவனுக்குத் தெரியாமல் போக வழியில்லை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இருக்கிறது. பி. எச். டேனியல் 1969இல் எழுதிய 'ரெட் டீ'யை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழாக்கினார். 2013இல் அது 'பரதேசி' என்ற படத்துக்கும் மூலமாயிற்று. தெளிவத்தை ஜோசப்பின் மலையகப் படைப்புகள் உள்ளன. இத்தனையும் அலமாரியில் வைத்திருப்பவர் தம் கிண்ணத்தில் பிரபஞ்சத்தைக் காணும்போது, அதில் வால்பாறையும் நுவரெலியாவும் தென்படாதது எப்படி?

அவர் போற்றும் ஜப்பானிய இலையும் வானத்திலிருந்து விழுந்ததன்று. ஷிசுவோகாவின் மாகினோஹாரா மேட்டுநிலத்தை 1869 முதல் வெட்டித் திருத்தியவர்கள், ஆட்சி மாற்றத்தில் பிழைப்பிழந்த சாமுராய்கள். பிறகு, ஓயி ஆற்றில் பயணிகளைத் தோளில் சுமந்து கரைசேர்த்த கூலிகளும், அத்தொழில் ஒழிந்தபின் அங்கே வந்து சேர்ந்தனர். இன்று பெரும்பகுதி இயந்திர அறுவடை. சமநிலமும் பெரிய இயந்திரங்களும் வாய்த்த ககோஷிமா 2024இல் உற்பத்தியில் ஷிசுவோகாவை முதன்முறையாக முந்தியது. இவையும் சுவையின் பகுதிகளே. இவற்றைத் தவிர்த்துவிட்டு மௌனத்தை மட்டும் பருகுவது இலையைப் பாதி படித்ததற்குச் சமம்.

நம் வழக்கின் மையம் ஒரு சொல். சென்னையில் 'பசுந்தேயிலை' என்றால் கிரீன் டீ. நல்ல ஜப்பானிய இலை நூறு கிராமுக்கு ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் போகும். கோத்தகிரியில் அதே சொல்லுக்குப் பொருள், செடியிலிருந்து பறித்துச் சாக்கில் கட்டித் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஈர இலை. நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் 'பசுந்தேயிலைக்கு விலை' என்று வரும் செய்தி இதைப்பற்றியது. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோபோல ஈர இலை வேண்டும். 2023 செப்டம்பரில் படுகர் சிறு விவசாயிகள் அங்கே உண்ணாவிரதம் இருந்து கேட்டது கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு. கிடைத்துக்கொண்டிருந்தது இருபது ரூபாய்க்கும் கீழே. தேயிலை வாரியம் மாதந்தோறும் குறிக்கும் இலை விலை, ஏலத்தில் தூள் போன விலையை ஒட்டியே அமைகிறது. தூள் மலிவாக விற்றால் இலை மலிவு. இலை மலிவானால் இரண்டிலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ள யாருக்குக் கட்டும்? கத்தரியால் முற்றலும் காம்பும் சேர்த்து வெட்டுகிறார்கள். தரம் இன்னும் சரிகிறது. சரிந்த தரத்துக்கு ஏற்ற விலை மறுபடி அவர்கள் தலையில் விழுகிறது. இந்தச் சுழலின் மறுமுனையில், கேள்வி கேட்காமல் தூள் வாங்கும் நாம் இருக்கிறோம்.

நீலகிரி மலை நல்ல இலைக்குத் தகுதியற்றதென்று சொல்ல முடியாது. நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்கு 2008இலேயே புவிசார் குறியீடு கிடைத்தது. பனிக்காலத்து இலையின் மணத்தை அறிந்து வெளிநாட்டார் வாங்குகிறார்கள். பசுந்தேநீர் இலையும் அங்கே ஆகிறது. அது சென்சா ஆகாது. செடியின் இரகமும் மண்ணும் வேறு. நம் துறை நண்பர் குன்னூர் இலையைச் சென்சாவோடு ஒப்பிட்டு உதட்டைப் பிதுக்கியபோது நாம் சொன்னது இதையே: உஜியின் நிழலுக்கும் யாபுகிதா என்ற செடியினத்துக்கும் காட்டிய பொறுமையில் கால்பங்கை நம் மலைக்கும் காட்டுங்கள், எந்தத் தோட்டம், எந்த மாதம், எந்தத் தொழிற்சாலை என்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் சண்டையிடுங்கள். அவர் சிரித்துவிட்டு, 'கேட்டால் சொல்ல ஆள் வேண்டுமே' என்றார்.

அதுவும் உண்மை. தியாகராய நகரில் காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடையொன்றில் சென்ற வாரம் நாம் கேட்டோம். கொட்டை சிக்மகளூரா, குடகா என்பதற்கு உடனே பதில் வந்தது. சேர்வராயன் மலைக்கொட்டையும் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார் முதலாளி. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் தேயிலைப் பொட்டலங்கள் இருந்தன. இது எந்த ஊர் என்றோம்.

'ஊட்டி டீ சார்.'

ஊட்டியில் எங்கே?

'டீக்கெல்லாம் அது யாரும் கேக்கறதில்ல சார்.'