சாலைகளுக்கும் வேண்டும் ஒரு கலங்கரை விளக்கம்

இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் கைப்பேசியைப் பொருத்திக்கொண்டு செல்வது இன்று நம் சாலைகளில் அன்றாடக் காட்சி. உணவுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர் முதல், வார இறுதியில் வால்பாறைக்கோ கொல்லிமலைக்கோ மோட்டார் சைக்கிளில் புறப்படும் நண்பர் குழு வரை அனைவரும் வழி கேட்பது அந்தச் சிறிய திரையிடம்தான். தேநீர்க் கடையில் வண்டியை நிறுத்தி விசாரிக்கும் வழக்கம் அருகி வருகிறது. இது வசதிதான். ஆனால், திரை காட்டும் சாலை இன்றைக்கும் செல்லத்தக்க நிலையில் இருக்கிறதா என்பதற்கு யார் பொறுப்பு?

வகுப்பறையில் பொதுப் பண்டம் என்ற கருத்தை விளக்கும்போது நான் தவறாமல் எடுத்துக்காட்டியது கலங்கரை விளக்கத்தை. ஒரு கப்பல் அதன் ஒளியைப் பயன்படுத்துவதால் மற்றொரு கப்பலுக்கு ஒளி குறைவதில்லை. கட்டணம் செலுத்தாதவரின் கண்ணிலிருந்து அந்த ஒளியை மறைக்கவும் இயலாது. இன்றைய கலங்கரை விளக்கம் ஜிபிஎஸ். அமெரிக்க இராணுவத்துக்காக உருவான இந்த அமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று 1983-இல் அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. கொரியப் பயணிகள் விமானம் ஒன்று வழிதவறிச் சோவியத் வான்பரப்பில் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டதே அந்த அறிவிப்புக்குக் காரணம். பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலக்கப்பட்டிருந்த பிழையும் 2000-ஆம் ஆண்டு மே மாதம் நீக்கப்பட்டது. அதன் பிறகே சாலை வழிகாட்டிக் கருவிகள் உலகெங்கும் பெருகின.

ஆனால், செயற்கைக்கோள் சொல்வது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை மட்டுமே. எதிரே பாலம் இருக்கிறதா, இடிந்துவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டியது வரைபடம். வரைபடத்துக்கு அதைச் சொல்லவேண்டியவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2024 நவம்பரில் உத்தரப் பிரதேச மாநிலம் பரேலி அருகே, ராமகங்கை ஆற்றின் மீதிருந்த பாலத்தில் சென்ற கார் கீழே விழுந்து மூவர் உயிரிழந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வழிகாட்டிச் செயலியில் அந்த மாற்றம் இல்லை. பாலத்தின் முகப்பில் போதிய தடுப்பும் இல்லை என்று காவல்துறை கூறியது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும், கூகுள் மேப்ஸ் அதிகாரி மீதும் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், செயலி காட்டிய வழியில் சென்ற கார் ஒன்று படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. உதகையிலிருந்து மசினகுடிக்குச் செல்லும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூடலூர் வழியைவிடத் தூரம் குறைவு. ஆனால், சரிவு மிகக் கடுமையானது. விபத்துகள் தொடர்ந்ததால், வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்குவதற்குக் காவல்துறை கட்டுப்பாடு விதித்தது. தூரத்தையும் நேரத்தையும் மட்டும் கணக்கிடும் கருவிக்கு, இந்தச் சரிவும் கட்டுப்பாடும் தாமாகத் தெரியவர வழியில்லை.

மேற்சொன்னவற்றில் சிக்கியவை கார்கள். மோட்டார் சைக்கிளில் செல்பவரின் நிலை இன்னும் இக்கட்டானது. 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் இரண்டு விநாடிகள் திரையைப் பார்த்தால், ஏறத்தாழ 33 மீட்டர் தூரம் சாலையைப் பார்க்காமல் கடந்துவிடுகிறார். அந்தத் தூரத்தில் ஒரு பள்ளமோ மணற்குவியலோ போதும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், வாகனம் ஓட்டும்போது கைப்பேசியை வழியறிவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஓட்டுநரின் கடமையை இவ்வாறு வரையறுத்த அரசு, வரைபடத்துக்கு உண்மை நிலையைத் தெரிவிக்கும் தனது கடமையை இதே தெளிவுடன் வரையறுக்கவில்லை.

தனியார் நிறுவனங்களே இதைச் செய்துகொள்ளட்டும் என்று சிலர் கூறுவர். செயலிகளின் நேரடித் தகவல் பெருமளவு பயனாளர்களின் கைப்பேசிகளிலிருந்தே திரள்கிறது. அண்ணா சாலையில் ஆயிரக்கணக்கானோர் செல்வதால் நெரிசல் உடனே தெரிகிறது. நாளொன்றுக்குச் சில வாகனங்களே செல்லும் ஊராட்சிச் சாலையில் தரைப்பாலம் மூழ்கினால், அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. தகவல் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் அது மிகவும் குறைவாகக் கிடைக்கிறது. சந்தை தவறும் இடம் என்று பொருளாதாரம் சொல்வது இதைத்தான்.

கடலிலும் வானிலும் இந்தக் குறை இல்லை. டேராடூனில் உள்ள தேசிய நீர்ப்பரப்பு வரைபட அலுவலகம், கடல் வழிகளில் ஏற்படும் மாற்றங்களை மாலுமிகளுக்கான அறிவிப்புகளாக முறைப்படி வெளியிடுகிறது. ஓடுபாதை மூடப்பட்டால் விமானிகளுக்கு ‘நோட்டம்’ என்னும் அறிவிப்பு செல்கிறது. அதைப் பார்க்காமல் விமானம் புறப்படுவதில்லை. கப்பலுக்கும் விமானத்துக்கும் உள்ள இந்த உரிமை, சாலையில் செல்லும் சாமானியருக்கு இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), நாட்டில் ஏறத்தாழ பாதிக் குடும்பங்களிடம் இருசக்கர வாகனம் உள்ளது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

எனவே மூன்று நடவடிக்கைகளை முன்வைக்கிறேன். முதலாவதாக, சாலையையோ பாலத்தையோ மூடும் ஆணையைப் பிறப்பிக்கும் அலுவலர், அதன் இருப்பிடக் குறியீட்டுடன் அன்றே பொதுத் தரவுத்தளத்தில் பதிவேற்றுவது சட்டக் கடமையாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை முதல் ஊராட்சி ஒன்றியச் சாலை வரை இது பொருந்தவேண்டும். ஆணை எப்படியும் தட்டச்சு செய்யப்படுகிறது. கூடுதல் உழைப்பு சில நிமிடங்களே. இரண்டாவதாக, திம்பம் மலைப்பாதையின் இரவுத் தடை, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உரிய இ-பாஸ், கல்லட்டிக் கட்டுப்பாடு போன்றவையும் அதே தளத்தில் இடம்பெறவேண்டும். மூன்றாவதாக, அவற்றைக் குறித்த நேரத்துக்குள் தமது வரைபடத்தில் காட்டுவது செயலி நிறுவனங்களின் பொறுப்பாகவேண்டும். இவை எதுவும் பாலத்தின் முகப்பில் வைக்கவேண்டிய தடுப்புக்கு மாற்றல்ல, அதுவே முதற்கடமை.

பயணிக்கும் கடமை உண்டு. கருவி, திட்டமிடுவதற்கே மிகவும் உகந்தது. முந்தைய இரவே வழியை முழுமையாகப் பார்த்து, எரிபொருள் நிலையங்களையும் சோதனைச் சாவடிகளின் நேரத்தையும் குறித்துக்கொள்ளலாம். மலைப்பகுதியில் இணையம் துண்டிக்கப்படும் என்பதால் வரைபடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஐயம் எழுந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். இருட்டிய பிறகு செயலி காட்டும் குறுக்குவழியைவிட, தெரிந்த நெடுஞ்சாலையே மேல்.

நாவிக் என்னும் சொந்த வழிகாட்டு அமைப்புக்காக இந்தியா 2013 முதல் செயற்கைக்கோள்களை ஏவி வருகிறது. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டாத பின்னடைவையும் மீறி அம்முயற்சி தொடர்வது பாராட்டுக்குரியது. விண்ணிலிருந்து நம் இருப்பிடத்தைச் சொல்ல இவ்வளவு செலவிடும் நாடு, தான் கட்டிய பாலம் இடிந்துவிட்டது என்பதைத் தன் குடிமக்களுக்குச் சொல்லத் தயங்கக் கூடாது. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு தமிழ்நாடு இதைத் தொடங்கினால், பிற மாநிலங்களுக்கு அது முன்மாதிரியாகும்.