கொந்தராத்தும் ஒரு கொப்பியும்



சென்ற மாதம் வாசகி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியுடன் தொடங்குகிறேன். "அக்கா, எனக்கு வீட்டுத்திட்டம் கிடைத்திருக்கிறது. மேசன் ஒருவர் பாதிக் காசை முற்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?" என்று கேட்டார். கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரியில் சொல்லியிருப்பேன். ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என்னுடைய கதையைத்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் 2010இல் கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் காணிக்குத் திரும்பி வந்தோம். இரண்டு பிள்ளைகளும் நானும். கணவர் இல்லை. பழைய வீட்டின் அத்திவாரம் கூட உருப்படியாக இருக்கவில்லை. கிணறு மட்டும் மிஞ்சியிருந்தது. தகரக் கொட்டிலில் மூன்று மாரி கழித்த பின்னர்தான் இந்திய வீட்டுத்திட்டத்தில் என் பெயர் வந்தது. ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. ஏறக்குறைய 550 சதுர அடி. காசு எங்கள் வங்கிக் கணக்கிலேயே விழும், வீட்டை நாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், "நாங்களே கட்டுவது" என்பது ஆண் துணை உள்ள வீட்டுக்கு ஒரு மாதிரி, என்னைப் போன்றவர்களுக்கு வேறு மாதிரி. பக்கத்து வீட்டில் தகப்பனும் மகனும் அத்திவாரம் வெட்டினார்கள். நான் அதற்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது.

மேசன் தெரிந்தவர், தூரத்துச் சொந்தமும் கூட. சாமான் என்னுடையது, கூலி மட்டும் கொந்தராத்து, மொத்தம் 140,000 ரூபா என்று பேசினோம். எல்லாம் வாய்ப் பேச்சு. "சொந்தத்துக்குள்ள எழுத்து என்னத்துக்கு, தங்கச்சி?" என்றார். எனக்கும் எழுதக் கேட்கக் கூச்சமாக இருந்தது. முதல் தவணைக் காசு விழுந்த அன்றே 40,000 ரூபாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பற்றுச்சீட்டு வாங்கவில்லை.

அத்திவாரக் கிடங்கு வெட்டினார். பிறகு ஐந்து வாரம் ஆளைக் காணவில்லை.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அத்திவாரம் முடிந்ததைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை விழும். மேசன் வந்தால்தான் அத்திவாரம் முடியும். இன்னும் காசு கொடுத்தால்தான் மேசன் வருவார். காசோ அத்திவாரம் முடிந்தால்தான் வரும். இந்த வட்டத்துக்குள் நின்று நான் அழுதிருக்கிறேன். மழை வந்து கிடங்குக்குள் தண்ணீர் நின்றது. சின்னவன் அதில் கப்பல் விட்டு விளையாடினான்.

அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். ஒரே நேரத்தில் ஊர் முழுக்க வீடு எழும்பியது. மேசன்மார் குறைவு. அவர் ஐந்து வீட்டை ஒன்றாகப் பொறுப்பெடுத்து, என் முற்பணத்தில் இன்னொரு வீட்டின் கூலியாட்களுக்குச் சம்பளம் கொடுத்திருந்தார். ஆனால் நல்ல மனிதராக இருந்தாலும் என் கிடங்கில் தண்ணீர் நின்றதுதானே.

அந்த ஐந்து வாரத்தில்தான் மகளின் பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். என்ன சாமான் வந்தது, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு காசு கொடுத்தேன் என்று ஒவ்வொரு நாளும் பொழுதுபட எழுதினேன். காசு கொடுத்தால் அந்த வரியிலேயே அவரிடம் கையெழுத்து வாங்கினேன். முதல்நாள் கேட்கும்போது கை நடுங்கியது. அவர் சிரித்துக்கொண்டே போட்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கூச்சம் போய்விட்டது.

மணலையும் அளந்தேன். இதை எல்லோரும் செய்யலாம். ஒரு கியூப் என்பது 100 கன அடி. உழவு இயந்திரப் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். எனக்கு வந்த பெட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம். மணல் இரண்டரை அடி உயரத்துக்கு நின்றால் சரியாக ஒரு கியூப். இரண்டு அடிதான் நின்றது. 80 கன அடி. அப்படியே ஐந்து லோட் வாங்கினால் ஒரு முழுக் கியூப் காணாமல் போய்விடும். அளவு நாடாவுடன் நான் பெட்டியில் ஏறி நின்றதைப் பார்த்து சாரதி முணுமுணுத்தார். அடுத்த லோட் நிறைவாக வந்தது.

வெறும் சீமெந்துப் பைகளையும் எறியவிடாமல் அடுக்கி வைத்தேன். மழைக்காலத்தில் கொட்டிலுக்கு உதவும் என்றுதான் முதலில் வைத்தேன். சுவர் கதவுயரத்துக்கு வந்தபோது எண்ணிப் பார்த்தால், கொப்பியில் 18 பை வந்திருக்கிறது, வெறும் பை 12தான் இருக்கிறது. உடைக்காத பை ஒன்றும் இல்லை. ஆறு பை எங்கே?

அதே கிழமையில்தான் லிண்டல் பிரச்சினையும் வந்தது. கதவு யன்னலுக்கு மேலே சுவரைச் சுற்றி ஓடும் கொங்கிறீட் அது. நாலு கம்பி போட வேண்டுமென்று உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். பலகைக்குள் எட்டிப் பார்த்தேன்.

"அண்ணை, இதில இரண்டு கம்பிதானே கிடக்குது?"

"தங்கச்சி, நான் முப்பது வருசமாக் கட்டுறன். எனக்குப் படிப்பிக்காதேங்கோ."

"படிப்பிக்கேல்லை அண்ணை. நாலு கம்பி போட்டாப் பிறகு கொங்கிறீட்டைப் போடுங்கோ. அதுவரைக்கும் நான் காசு தரமாட்டன்."

அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொங்கிறீட் போட்டு மூடிய பிறகு கம்பியை யாரும் எண்ண முடியாது, சகோதரிகளே. எதையும் மூட முன்னர் போய்ப் பாருங்கள். இன்று கையில் தொலைபேசி இருக்கிறது, ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் முறையிட்டேன். கிராம அலுவலரும் வந்தார். வேறொரு மேசனைக் கொண்டு முடிந்த வேலையை மதிப்பிட்டார்கள். 75,000 ரூபாவுக்கு வேலை நடந்திருந்தது. நான் கொடுத்தது 100,000. ஆனால் அவர் 90,000தான் வாங்கினேன் என்றார். கொப்பியில் கையெழுத்துடன் இருந்தது இரண்டு முப்பதினாயிரம். அந்த முதல் 40,000, எழுத்தில்லாத காசு, 30,000தான் என்று நின்றார். வங்கிப் புத்தகத்தில் நான் 40,000 எடுத்தது இருக்கிறது. யாரிடம் கொடுத்தேன் என்பது அதில் இல்லையே. அந்தப் பத்தாயிரம் அன்றோடு போனது.

சீமெந்துக் கதை வேறு. மழையில் கட்டிபட்டது, சிந்தியது என்று தொடங்கினார். சங்கத் தலைவி கொப்பியையும் பை அடுக்கையும் அவர் முன்னால் வைத்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இன்னொரு வீட்டுக்குக் கைமாற்றாகக் கொண்டுபோனேன் என்றார். ஒரு கிழமைக்குள் ஆறு பையும் வந்து இறங்கியது. காசில் 15,000 ரூபாவை இரண்டு முறையில் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு முறைதான் தந்தார். மிச்ச வேலையை மதிப்பிட வந்த மேசனே செய்தார். உள்பூச்சுக்குக் காசு எட்டாமல் 2016 வரை கற்சுவராகவே கிடந்தது.

இப்படியான காசுப் பிணக்குகளை மத்தியஸ்த சபைக்கும் கொண்டுபோகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தவை இவை. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, அங்கு அவர்கள் உங்களுக்காகப் பேசவும் முடியாது. நீங்களே பேசலாம். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடுவார்கள். உங்கள் பகுதிச் சபை எங்கே கூடுகிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அங்கும் முதலில் கேட்கப்போவது, "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்பதுதான்.

இனிக் கேள்வி கேட்ட சகோதரிக்கு. பாதிக் காசு முற்பணம் வேண்டாம். ஆயுதம் வாங்க, ஆட்களைக் கூட்ட என்று சிறு தொகை கொடுங்கள். மீதியை அத்திவாரம், லிண்டல் மட்டம் வரை சுவர், லிண்டல், கூரை, பூச்சு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதி, இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்து வாங்குங்கள். ஒரு பகுதி முடிந்த பிறகு அந்தப் பகுதிக்குரிய காசைக் கொடுங்கள். கடைசிப் பகுதியைச் சற்றுப் பெரிதாக வையுங்கள், பூச்சுப் பூச ஆள் திரும்பி வருவதற்காக. 2022இல் சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டியதை மறந்திருக்கமாட்டீர்கள், ஆகவே சாமான் விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

எழுதக் கேட்டால் மேசன் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்திருந்தீர்கள். போனால் போகட்டும். முற்பணம் வாங்க முன்னர் போகிறவரால் உங்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை.

என் கொப்பி இப்போது என்னிடம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் வீடு கட்டும் பிள்ளை ஒருத்தி, எப்படி எழுதுவது என்று பார்க்க வாங்கிப் போயிருக்கிறாள்.