2 கோடி ரூபாய் விளம்பரத்துக்கு ‘நோ’: சாய் பல்லவி சொன்னதில் நமக்கு என்ன இருக்கு?

முகத்தை வெள்ளையாக்கும் க்ரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க மறுத்தார் சாய் பல்லவி. அதற்குப் பேசப்பட்ட தொகை 2 கோடி ரூபாய் என்று 2019-ல் செய்திகள் வந்தன. எல்லோரும் பாராட்டினோம், ஷேர் பண்ணினோம், மறந்தும் போனோம். ஆனால், அவர் சொன்ன காரணம் அந்தத் தொகையைவிடப் பெரியது.

என்ன காரணம்?

தன்னைவிடக் கலர் கம்மி என்ற ஏக்கம் அவருடைய தங்கைக்கு இருந்தது. ‘காய்கறி, பழம் சாப்பிட்டா கலர் வரும்’ என்று அக்கா சொன்னதும், பிடிக்காவிட்டாலும் தங்கை சாப்பிட ஆரம்பித்தார். வீட்டில் சொன்ன ஒரு வார்த்தையே சின்னப் பெண்ணை இவ்வளவு பாதிக்கிறதே என்று வருந்தியதாக சாய் பல்லவி பேட்டியில் சொன்னார். அக்கா சொன்னதற்கே இப்படி என்றால், கோடிக்கணக்கானவர்கள் ரசிக்கும் ஒருவர் டிவியில் தினமும் சொன்னால்?

‘பிரேமம்’ (2015) படத்தில் முகப்பருக்கள் தெரிய, மேக்கப் இல்லாமல் வந்தவர் அவர். அந்த முகத்தைத்தான் ரசிகர்கள் கொண்டாடினார்கள். அதே முகத்தை வைத்து ‘வெள்ளையானால்தான் அழகு’ என்று விற்றிருந்தால், அவரை நம்பியவர்களுக்கு அவரே செய்யும் துரோகமாகியிருக்கும்.

பிரபலங்கள் எதற்கு?

சோப்பு, பிஸ்கட், ஆன்லைன் கேம் பற்றி ஒரு நடிகருக்கு என்ன தெரியும்? நாமும் கேட்பதில்லை. நிறுவனம் அவரிடம் வாங்குவது, அவர் மேல் நமக்கு இருக்கும் நம்பிக்கையை. அதைப் பொருளின் மேல் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிவப்பழகு க்ரீமில் இன்னொரு படியும் உண்டு. முதலில் ‘உனக்கு ஒரு குறை இருக்கு’ என்று நம்ப வைக்க வேண்டும், பிறகுதான் ட்யூப் விற்கும். கறுப்பாக இருப்பதால் வேலை கிடைக்கவில்லை, கல்யாணம் ஆகவில்லை என்றெல்லாம் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-ல் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’, ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. பெயர் மாறிவிட்டது. வரன் தேடும்போது ‘நல்ல கலரா?’ என்று கேட்பது மாறியதா?

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றும் பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. முதல் முறை ஓர் ஆண்டு வரையும், அடுத்தடுத்த முறை 3 ஆண்டுகள் வரையும் விளம்பரங்களில் தோன்றத் தடை போடலாம். விளம்பரத்தில் சொல்வது உண்மையா என்று உரிய அக்கறையோடு விசாரித்திருந்தால் தப்பிக்கலாம். பணம் வாங்கிப் பேசும் இன்ஸ்டாகிராம், யூடியூப் பிரபலங்களும் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

ஆனால், பொய்யைத்தான் சட்டம் பிடிக்கும். ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தின் மேல் வரும் வெறுப்பை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? அங்கே மிச்சமிருப்பது அந்தப் பிரபலத்தின் மனசாட்சி மட்டுமே.

‘காசு இருக்கு, மறுக்கிறாங்க’

வழக்கமாக வரும் கமென்ட் இது. புல்லேலா கோபிசந்த் 2001-ல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றார். அன்றைக்கு இந்தியாவில் பேட்மின்டனில் பெரிய பணம் கிடையாது. அப்போதும் தேடி வந்த குளிர்பான விளம்பரத்தை அவர் மறுத்தார். தான் குடிக்காததைப் பிறரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்பதுதான் அவர் கணக்கு. வசதியான பெரிய நட்சத்திரங்களோ பான் மசாலா பிராண்டுகளில் தோன்றி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு விலகினார்கள்: அமிதாப் பச்சன் 2021-ல், அக்‌ஷய் குமார் 2022-ல். ஆக, மறுப்பதற்கும் வங்கிக் கணக்குக்கும் பெரிய சம்பந்தமில்லை.

பிரபலங்கள் விளம்பரமே செய்யக் கூடாது என்பதல்ல வாதம். போலியோ சொட்டு மருந்தை வீடுவீடாகக் கொண்டுசேர்த்ததில் அதே அமிதாப்பின் குரலுக்கும் பங்கு உண்டு. நம்பிக்கையை எதற்குக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நமக்கு?

இன்றைக்கு நாம் ஒவ்வொருவரும் குட்டி பிராண்ட் அம்பாசிடர்தான். லிங்க்ட்இனில் ஒரு முகம், இன்ஸ்டாவில் ஃபில்டர் போட்ட முகம், வீட்டில் வேறு முகம். கூட்டத்துக்குப் பிடிக்கும்படி நம்மைத் திருத்திக்கொண்டே போனால், ஒருநாள் கண்ணாடியில் தெரிவது நமக்கே அந்நியமாகிவிடும்.

அடுத்த முறை ஒரு விளம்பரம் ‘உன்கிட்ட ஏதோ குறையுது’ என்று சொன்னால், இரண்டு கேள்விகள் போதும்: இந்தக் குறை விளம்பரத்துக்கு முன்பே எனக்கு இருந்ததா? இதைச் சொல்பவருக்கு எவ்வளவு கிடைக்கிறது? பதில் வரும் வரை போனில் ‘பை நவ்’ பட்டனை அழுத்தாமல் இருப்பது நல்லது.