நெளுக்குளத்தில் குடியிருக்கும் காணிகளுக்கு உரித்து வழங்கக் கோரும் மனு

மாவட்டச் செயலாளர் அவர்கட்கு,
வவுனியா.

பிரதி: பிரதேச செயலாளர், வவுனியா.

பெருமதிப்புக்குரியீர்,

மலையகத்திலிருந்து வந்து நெளுக்குளத்திலும் அயலிலும் குடியேறிய விவசாயக் குடும்பங்களின் சங்கத்தினராகிய நாம் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1977 இனவன்செயலில் தோட்ட லயன்களை விட்டு ஓடிவந்த எம் பெற்றோருக்கு வவுனியாவில் கிடைத்தது காடு. வைத்தியர் இராஜசுந்தரம் முன்னின்ற காந்தியம் அமைப்பு, அப்படி வந்தவர்களை இம்மாவட்டத்தில் குடியேற்றியது. 1983 யூலையில் அவர் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அதன்பின் எமக்காகக் கச்சேரிப் படியேற ஆளில்லை.

அன்று வெட்டிய காடு இன்று மன்னார் வீதியோரப் பட்டணம். இப்போது காணிக்குப் பரப்புக் கணக்கில் விலை பேசுகிறார்கள். இது தம் காணி என்று உறுதியோடு வருபவர்களும் உண்டு. அரச காணி, எழும்புங்கள் என்பவர்களும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க, அரச காணி உடைமையை மீளப்பெறும் சட்டத்தின்படி நீதவான் முன் நிறுத்தப்பட்டால், செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் எழுத்துமூல அதிகாரமோ காட்டவேண்டும். நாற்பதாண்டு உழைப்பு அங்கே கணக்கில் வராது.

எம் அங்கத்தவரான ஒரு தாயிடம் இருப்பது, பொலித்தீன் பையில் சுற்றிய பழைய கூப்பன் புத்தகம் ஒன்றுதான். மற்றதெல்லாம் போர்க்கால இடப்பெயர்வில் போயிற்று. திரும்பி வந்து தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்கியபோது, சீமெந்து ஈரமாயிருக்கையில் அவர் கணவர் ஆணியால் கீறிய ‘1981’ கிணற்றுக் கட்டில் அப்படியே இருந்தது. அந்தக் கிணற்றைச் சாட்சியாக ஏற்கும்படியே கேட்கிறோம்.

எனவே நெளுக்குளத்திலேயே காணிக் கச்சேரி ஒன்றை நடத்தித் தாருங்கள். வாக்காளர் இடாப்பு, பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, கிணறு, காய்க்கும் தென்னை ஆகியவற்றை ஆதாரமாகக் கொள்ளுங்கள். விசாரணை முடியும்வரை எவருக்கும் வெளியேறல் அறிவித்தல் அனுப்பலாகாது. அரச காணியில் இருப்போருக்கு, கணவன் மனைவி இருவரின் உரிமையும் பதிவாகும்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாமல் பசளை மானியத்துக்கும் வங்கிக் கடனுக்கும் அலைகிறோம். தனியாரின் உறுதிக் காணியில் இருப்போரை வெறுங்கையோடு எழுப்பாமல், கிணறு வெட்டினால் தண்ணீர் வரக்கூடிய மாற்றுக் காணியை இதே பிரதேசத்தில் முதலில் கொடுத்துவிட்டுப் பேசவேண்டும். கற்பாறை மேட்டில் காணி தந்தால் தோட்டம் செய்ய முடியாது.

குடும்ப விபரம் இணைக்கப்பட்டுள்ளது. கள ஆய்வுக்கு வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால், அன்று கூலிவேலைக்குப் போகாமல் எல்லோரும் வளவில் நிற்போம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
நெளுக்குளம்