எந்தப் பக்கம் கைதட்டுவது?



பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடந்த கபடிப் போட்டி ஒன்று. ஒருபுறம் நம் கேரளப் பல்கலைக்கழகம். மறுபுறம் சென்னைப் பல்கலைக்கழகம். நம் அணி வீரர் ஒருவர் எதிரியின் பிடியிலிருந்து நழுவி நடுக்கோட்டைத் தொட்டதும், நான் எழுந்து நின்று கைதட்டினேன். அருகிலிருந்த தமிழ் நண்பர், "நீ தமிழன்தானே? அவர்களுக்கு ஏன் இந்த ஆரவாரம்?" என்றார். சற்று நேரத்தில் சென்னை வீரர் ஒருவர் மூவரைத் தொட்டுவிட்டு மீண்டார். அதற்கும் கைதட்டினேன். முன்வரிசை மலையாள நண்பர் திரும்பிப் பார்த்து, "உன் நாடு நினைவுக்கு வந்துவிட்டதோ?" என்று சிரித்தார்.

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் பிறந்து, வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமும் பேசி வளர்ந்தவன் நான். இக்கேள்வி எனக்குப் புதிதன்று. ஆனால், இது சரியான கேள்விதானா?

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். 1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, திருவனந்தபுரத்துக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தே இருந்தது. பின்னர், நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி மாணவர்கள் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழக மாணவர்களாயினர். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1957-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அண்ணன் எந்தப் பல்கலைக்கழகத்தில் பயின்றானோ, அதன் எதிரணியில் தம்பி ஆடும் நிலை வந்தது. அதற்காக அண்ணனும் தம்பியும் பகைவராகிவிடுவார்களா?

யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். யாழ் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904-இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டியை 'வடக்கின் பெரும் சமர்' என்றே அழைக்கிறார்கள். இருபுறமும் ஆடுவோர் தமிழர், பார்ப்போரும் தமிழர். ஆயினும் ஆரவாரத்துக்குக் குறைவில்லை! இதிலிருந்து தெரிவது என்ன? கல்லூரிப் பற்று வேறு, மொழிப் பற்று வேறு. ஒன்று நம்மை ஆளாக்கிய கூடத்துக்கு நாம் காட்டும் நன்றி. மற்றொன்று பெற்ற தாய்க்குக் காட்டும் அன்பு. ஒன்றை விட்டால்தான் மற்றொன்று வாழும் என்பது பேதைமை. எதிரணியின் திறமையைக் கண்டு கைதட்டுவதோ, விளையாட்டைக் கற்றவனின் பண்பு.

ஆகவே, எந்தப் பக்கம் கைதட்டுவது என்பதைவிட, எத்தனை நாளைக்குக் கைதட்டிக்கொண்டே இருப்பது என்று கேட்பதே பொருத்தம். நம் குறை அங்கேதான் இருக்கிறது.

ஓண விழாவில் மாணவர்கள் வடம் இழுக்கிறார்கள். மலையாளத்தில் அது 'வடம்வலி'. வடம் அவர்களுக்கும் வடம், நமக்கும் வடம். 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிலும் இடம்பெற்றிருந்த விளையாட்டு அது. தனி ஒருவன் புகழ்பெற முடியாத ஆட்டம். எல்லாரும் ஒரே மூச்சில் காலூன்றிச் சாய்ந்தால்தான் வெற்றி. அந்த வடத்தை நம்மில் எத்தனை பேர் தொட்டிருக்கிறோம்? "அது அவர்கள் விழா" என்று மரநிழலில் ஒதுங்கி நிற்கிறோம். தைத் திங்களில் நாம் பொங்கல் வைக்கும்போது அவர்கள் எட்டி நின்றால் மட்டும் வருந்துகிறோம். நானும் இரண்டு ஆண்டுகள் அந்த நிழலில் நின்றவன்தான். அதனால் பிறரைக் குறை கூற எனக்கு உரிமையில்லை.

"இப்படிக் கலந்தால் நம் தனித்தன்மை கரைந்துவிடாதா?" என அஞ்சுவோர் உண்டு. அவர்களது அச்சத்தை நான் எள்ளி நகையாடவில்லை. எல்லையூர்களில் வீட்டுத் தமிழ் தேய்வதை நாள்தோறும் காண்பவன் நான். ஆனால், திடலுக்கு வராமல் இருந்ததால் காப்பாற்றப்பட்ட தமிழ்ச் சொல் ஒன்றையேனும் காட்ட முடியுமா? தமிழ் வளர்வது நாம் படிப்பதாலும், எழுதுவதாலும், பேசுவதாலும். ஒதுங்கி நிற்பதால் வளர்வது தனிமை ஒன்றே.

நம் மன்றத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டு விளையாட்டு விழாவில் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு போட்டியிலேனும் பெயர் கொடுக்கவேண்டும், தோற்றாலும் கேடில்லை. அடுத்த பொங்கலன்று நாம் நடத்தும் கபடியில், தமிழர் அணி, மலையாளிகள் அணி என்று பிரிக்காமல், சீட்டுக் குலுக்கி அணி சேர்க்கவேண்டும்.

அன்று எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற கேள்வியே எழாது. இருபுறமும் நம்மவரே இருப்பர். வாருங்கள் தோழர்களே, திடலுக்கு!