டாஸ்க் எல்லாம் பச்சை… டெட்லைன் மட்டும் தள்ளிப்போவது ஏன்?

புதுக்கோட்டை திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் கோயிலோ, உங்க ஊர்க் கோயிலோ, குடமுழுக்கு என்றால் ஒரு வரிசை உண்டு: பாலாலயம், திருப்பணி, யாகசாலை, கும்பாபிஷேகம். டீம் ஷெட்யூலும் அதேதான்.

டாஸ்க் என்றால்? சாரம் கட்டுவது, சுதை வேலை, வர்ணம் பூசுவது. ஒவ்வொன்றுக்கும் ஆளும் நாள்கணக்கும் உண்டு.

மைல்ஸ்டோன் என்றால்? 'திருப்பணி நிறைவு'. இது வேலை அல்ல, எல்லைக்கல். தாண்டியாச்சா, இல்லையா? அவ்வளவுதான். 90% என்பதெல்லாம் இங்கே செல்லாது.

சிக்கல் எங்கே? ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் போன்ற மென்பொருளில் டாஸ்க்குகளை வரிசையாகப் போடுகிறோம்; எது எதுக்காகக் காத்திருக்கு என்ற 'டிபென்டன்சி'யை இணைக்க மறந்துவிடுகிறோம். சுதை வேலை 5 நாள் இழுத்தால் வர்ணமும் 5 நாள் தள்ளும்; முகூர்த்தம் நகராது. கடைசியில் திட்டு வாங்குவது வர்ணம் பூசுபவர்!

இணைச்சு வெச்சா, தாமதம் எங்கே தொடங்குச்சுன்னு அன்னைக்கே தெரியும்.